டோக்கியோ ஆக்கியும் டோல்கேட் ரேடியோவும்

நீலா: டபாய்க்காத முத்து. கோல் வுழுந்தப்போ நீ கட்டிப் புடிச்சது அரிசி மூட்டையை இல்ல... என்னை.

தவசிமுத்து: மெதுவா பேசு பிள்ள. வராந்தாவுல எத்தனை பேரு இருக்காவ...

நீலா: கேக்கட்டும். அறுபத்தி நாலுல நடந்ததுக்கு இப்போ எவன் கேஸ் போடப் போறான்? நமக்கு அப்போ பத்து வயசு.

தவசிமுத்து: எங்கப்பா கடை ரேடியோ முன்னால ரோடே அடைச்சு கூட்டம். யாரைப் புடிச்சேன், யாரை விட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒலிம்பிக்ல பாகிஸ்தானை ஜெயிச்சாச்சு... அவ்வளவுதான் தெரியும்.

நீலா: ஒனக்கு இன்னா தெரியும்? ரேடியோல ஒர்த்தரு இந்தில மூச்சு வுடாம கத்தினு இருந்தாரு. நம்ம டோல்கேட் ஏரியாவே வாயைப் பொளந்துகினு நின்னுச்சு.

தவசிமுத்து: அதான் நம்ம அத்தாவுல்லா இருந்தானே! அவன் வீட்டுல உருதுதானே பேசுவாவ, இந்தி புரியும். மூட்டை மேல ஏறி நின்னு...

நீலா: தமிழ்ல சொல்லிகினே வந்தான். "பந்து போவுது... போவுது... அட்ச்சான்... யா அல்லா!" அவ்ளோதான். அப்பால பேச்சே இல்ல.

தவசிமுத்து: கோல் நமக்கா பாகிஸ்தானுக்கான்னு சொல்லாம குதிச்சு ஆடுதான் பாவி!

நீலா: ட்விஸ்ட்டு! கொட்டாய்ல பாத்துட்டு வந்து பசங்க எல்லாம் ஆடுவீங்களே... காலால பீடித்துண்டை அணைக்கிறாப்ல இடுப்பை வளைச்சு...

தவசிமுத்து: அந்த ஆட்டத்தைப் பாத்துதான் ஜெயிச்சது நாமன்னே ஊருக்குத் தெரிஞ்சுது. ஒண்ணுக்கு ஜீரோ! எங்கப்பா எவ்வளவு கருமி... ஒரு ஜாடி கமர்கட்டை அப்படியே அள்ளி வீசினாரு.

நீலா: எனக்கு ரெண்டு கெட்ச்சுது. ஒண்ணு நான் பொறுக்கினது. இன்னொண்ணு...

தவசிமுத்து: நான் தரல.

நீலா: காது செவக்குது பாரு.

தவசிமுத்து: நீ எம்ஜிஆர் கட்சி, நான் சிவாஜி கட்சி. ஒனக்குப் போயி குடுப்பேனா?

நீலா: அதான் நானும் கேக்கறேன். வாத்யாரை நக்கல் பண்ணதுக்கு ஒன் சட்டையைக் கிழிச்சவ நானு. எனக்கு ஏன் குட்த்த?

தவசிமுத்து: கிறிஸ்மஸ் சட்டை அது. முள்ளுல மாட்டிட்டுன்னு அம்மாட்ட சொன்னேன். டோல்கேட்டுல ஏதுல முள்ளுன்னு அதுக்கும் ஒரு அடி.

நீலா: ஹா... ஹா... நாகர்கோயில்ல போயி அம்பது வருசம் குந்திகினு நம்ம பாஷையே போச்சு ஒனக்கு.

தவசிமுத்து: எம் பொஞ்சாதி ஞானபாக்கியம் இருந்த வரைக்கும் அந்த ஊரு. அவ போனதும் கடையை மவன்ட்ட விட்டுட்டு இங்க ஓடி வந்துட்டேன். ஏன்னுதான் ஒனக்குத் தெரியுமே...

நீலா: தெர்ல. சொல்லு.

தவசிமுத்து: ...மணி என்ன ஆச்சு?

நீலா: பேச்சை மாத்து! எங்க போனான் இந்த அத்தாவுல்லா? மத்த ரெண்டு பேரும் அப்பவே வந்து கீழ டீ குட்ச்சிகினு கீறாங்க.

தவசிமுத்து: பியூன் வேற எட்டி எட்டிப் பாக்கான். நீலா... பயமா இருக்கா?

நீலா: பயம் இல்ல. ரேகாகிட்ட கண்ணாஸ்பத்திரின்னு சொல்ட்டு வந்துகீறேன். அதான் பேஜாரா கீது. அவ அப்பன் செத்ததுலேர்ந்து என்னை ஒண்டியா வுட்டதே இல்ல. பெத்த பொண்ணுகிட்ட இதை எந்த வாயால சொல்றது?

தவசிமுத்து: நான் எம் மவன்ட்ட சொன்னேன். போனை வச்சவன்தான்.

நீலா: இன்னுமா எடுக்கல?

தவசிமுத்து: காலைலகூட அடிச்சேன். மணி அடிச்சுட்டே கெடக்கு.

நீலா: முத்து... எழுந்து போய்டலாமா?

தவசிமுத்து: நீ சொன்னா போயிருவோம். நீ ஒன் வீட்டுக்கு, நான் எங்...

நீலா: ஒன் வூட்ல பேசறதுக்கு யாரு கீறா?

தவசிமுத்து: செவுரு.

நீலா: அப்போ கம்முனு குந்து. போவ வேணாம்.

ரேகா: அம்மா!

நீலா: ஐயோ... ரேகா... நீ எப்டி இங்க...

ரேகா: கண்ணாஸ்பத்திரியை எப்போம்மா ரிஜிஸ்டர் ஆபீசுக்கு மாத்தினாங்க?

தவசிமுத்து: யம்மா, தப்பு எம்மேலதான். நான்தான் அம்மாவை...

ரேகா: நீங்க குந்துங்க அங்கிள். ஏம்மா, பட்டுப்பொடவை கட்டிகினு எவளாச்சும் கண்ணு காட்டப் போவாளா?

நீலா: திட்டு. நல்லா திட்டு. ஆனா... நான் எழுந்து வர்றதா இல்ல ரேகா.

ரேகா: ஒன்னை யாரு வரச் சொன்னா?

தவசிமுத்து: இல்லம்மா, அத்தாவுல்லா இப்போ வந்துருவான். அவன் வந்து எல்லாத்தையும் வெவரமா...

ரேகா: அவரு வர மாட்டாரு.

நீலா: ஐயையோ, அவனுக்கு இன்னா ஆச்சு?

ரேகா: ஒண்ணும் ஆவல. நான்தான் வர வேணாம்னு சொன்னேன். போன வாரமே வூட்டுக்கு வந்து அல்லாத்தையும் சொல்ட்டாரு. எங்கம்மா கல்யாணத்துக்கு மூணாவது சாட்சியா நான் கையெழுத்துப் போடாம, வேற யாரும்மா போடுவா?