பட்டன்காரியின் இரண்டு கப்புகள்

— இல்லக்கா, இதுல ஏதோ ஒரு கணக்கு இருக்கு. எனக்குத்தான் பிடிபட மாட்டேங்குது. நீயே பாரு. இந்தக் கப்புல வெள்ளை பட்டன், கறுப்பு பட்டன், பச்சை பட்டன். அந்தக் கப்புலயும் வெள்ளை, கறுப்பு, பச்சை.

— டேய் தம்பி, அதைத்தானே நானும் வந்ததுலேருந்து சொல்றேன்? உன் பொண்ணுக்குக் கலர் தெரியல. கைக்கு வந்ததை வந்த கப்புல போட்டு வச்சிருக்கா.

— கைக்கு வந்ததை இல்லக்கா. நேத்துலேருந்து டப்பாவுல கொட்டிக் கொட்டிக் கலக்கிக் குடுக்கறேன். ஒவ்வொரு தடவையும் அதே பட்டன் அதே கப்புக்குத்தான் போகுது. இந்த வெள்ளையைப் பாரு. அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டினேன்.

— அந்த நூலைப் பாத்துத்தான் போட்டிருப்பா.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் நூலை அவுத்துட்டு, அடிப்பக்கம் பென்சில்ல ஒரு புள்ளி வச்சேன். அப்பவும் அது சமத்தா இந்தக் கப்புல வந்து உக்காந்துச்சு. இதோ, அதோட ரெட்டைப் பிறவி. அதே அளவு, அதே ஓட்டை, அதே வெள்ளை. இது மட்டும் எத்தனை தடவை கலக்கினாலும் அந்தக் கப்புதான்.

— நீ தையல்காரனா, துப்பறியறவனா? தைக்க வேண்டிய கோட்டு கை இல்லாம மெஷின்ல தொங்குது.

— அது தொங்கட்டும். கோட்டுக்குச் சொந்தக்காரர் சாயங்காலம்தான் வருவார்.

— உனக்கு எல்லாமே விளையாட்டு. நாளைக்குக் காலையில எங்க ஸ்கூல் பெரிய டீச்சர் முடிவு சொல்லப் போறாங்கடா. பெரிய குழந்தைங்க வகுப்பா, இல்ல இன்னொரு வருஷம் அந்தத் தொட்டில் ரூமான்னு. நான் அத்தையாச்சேன்னுதான் இன்னிக்கு வரைக்கும் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கேன்.

— என் பொண்ணு தொட்டில் ரூமுக்குப் போக மாட்டா.

— போக மாட்டேன்.

— பாத்தியா? மேஜைக்கு அடியில இருந்தாலும் காது மட்டும் நல்லாக் கேக்குது. ஏய் பட்டன்காரி, வெளியில வா. அத்தை என்ன கொண்டு வந்திருக்கேன் பாரு. கலர் அட்டை! இது என்ன கலர்? சொல்லு பாப்போம்.

— சொல்ல மாட்டேன்.

— ஏன் சொல்ல மாட்ட?

— அத்தைக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேக்கறீங்க?

— கேட்டியாடா இந்த வாயை? உன் வளர்ப்பு!

— நியாயமான கேள்விதானேக்கா. நான் அவகிட்ட எனக்குத் தெரியாததைத்தான் கேப்பேன். காலையில ரெண்டு பேரும் டேப்பை எடுத்துக்கிட்டு வீட்டையே அளந்தோம். கதவு பெரிசா, கட்டில் பெரிசான்னு எனக்கு நிஜமாவே தெரியாது. அவதான் கண்டுபிடிச்சா. நூல் சுத்தற பாபினை அடுக்கிக் கோபுரம் கட்டினோம். அடியில பெருசு வச்சா நிக்குது, சிறுசு வச்சா சாயுது. அதையும் நான் சொல்லிக் குடுக்கல. விழ விட்டேன்.

— விழ விட்ட. சரி. பெரிய டீச்சர்கிட்டப் போய், என் தம்பி வீட்டுல எல்லாத்தையும் விழ விடறான்னு சொல்லட்டுமா?

— சொல்லு. பயமா என்ன? பச்சை நூல் எடுடான்னா எடுத்துட்டு வர்றாக்கா. அவளுக்கா கலர் தெரியல?

— நீ கையைக் காட்டியிருப்ப. உனக்கே தெரியாம கண்ணு அந்தப் பக்கம் போயிருக்கும். எத்தனை அப்பா அம்மாவைப் பாத்திருக்கேன்.

— சரி, ஸ்கூல்ல என்னதான் நடந்துச்சு? முழுசாச் சொல்லு. பெரிய டீச்சர் மாதிரி சொல்லாம அக்கா மாதிரி சொல்லு.

— என்ன நடந்துச்சு? எல்லாக் குழந்தைக்கும் வைக்கற மாதிரி ஒரு தட்டு நிறைய பட்டன் வச்சேன். பக்கத்துல ரெண்டு கப்பு. "பிரிச்சு வை கண்ணு"ன்னேன். உன் மகாராணி ஒரு பட்டனை எடுத்தா. எடுத்ததும் நேரா வாய்க்குக் கொண்டு போனா. "வாயில வைக்கக் கூடாது"ன்னு கையைத் தட்டிவிட்டேன். இன்னொண்ணு எடுத்தா. மறுபடியும் வாய்க்கு. மறுபடியும் தட்டினேன். அவ்வளவுதான். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டா. பெரிய டீச்சரே வந்து கெஞ்சினாங்க. அசையவே இல்ல.

— இங்கயும் அதே சட்டம்தான். தவழ்ற வயசுல ஒண்ணை முழுங்கி எங்களைக் கதறடிச்சிருக்கா. பட்டன் வாய்ப் பக்கம் போச்சுன்னா டப்பா பரண்ல ஏறிடும். அவ அம்மா போட்ட உத்தரவு. டூட்டி முடிஞ்சு வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

— அப்போ இங்க மட்டும் எப்படிப் பிரிக்கறா?

— சுவரைப் பாத்து உக்காந்துக்குவா. முதுகை நமக்குக் காட்டிக்கிட்டு. திரும்பச் சொன்னா நிறுத்திடுவா. பிடிவாதம்னு நானும் விட்டுட்டேன்.

— அது இந்த அத்தைகிட்டேருந்து வந்த பிடிவாதமாத்தான் இருக்கும். சரி, கப்பை இப்படித் தள்ளு. நானும் பாக்கறேன். ஓட்டை கணக்கா? ரெண்டு ஓட்டை, நாலு ஓட்டை?

— பாத்தாச்சு. ரெண்டு கப்புலயும் ரெண்டும் இருக்கு.

— கனமா?

— இந்தக் குட்டி வெள்ளை இங்க இருக்கு. அந்தக் குண்டு மரப் பட்டன் அங்க இருக்கு. கனம்னா இது ரெண்டும் இடம் மாறியிருக்கணும்.

— பளபளப்பு! இங்க பாரு, பித்தளை எல்லாம் ஒரே கப்புல இருக்கு.

— அப்போ இந்தத் தங்கக் கலர் பட்டன் ஏன் அங்க போச்சு? பித்தளையை விட இதுதான் கண்ணைப் பறிக்குது. பிளாஸ்டிக்தான், ஆனா மேல பூச்சு.

— ஓ. அப்போ பிளாஸ்டிக் எல்லாம் ஒரு பக்கமோ?

— எனக்கும் அங்கதான் ஒரு நிமிஷம் பல்ப் எரிஞ்சுது. ஆனா பிளாஸ்டிக் கூட்டத்துக்குள்ள மரத்துக்கு என்ன வேலை? துணி சுத்தின பட்டனுக்கு என்ன வேலை? இந்தப் பக்கம் பித்தளை, கண்ணாடி, சிப்பி. அந்தப் பக்கம் பிளாஸ்டிக், மரம், துணி. இவங்களுக்குள்ள என்ன உறவு?

— போட்டுப் பாத்தா சத்தம் வேற வேற வருமே?

— வரும். ஆனா அவ போடவே மாட்டா. தூங்கற குழந்தையைப் படுக்க வைக்கற மாதிரி வைப்பா. டக்குன்னு ஒரு சத்தம் வராது.

— ஏய் வாலு, நீயே சொல்லிடேன். எப்படிப் பிரிக்கற?

— சொல்ல மாட்டேன்.

— ஏண்டி?

— டப்பா பரண்ல போயிடும்.

— டப்பாவுக்கும் இதுக்கும் என்ன... தம்பி, இவ என்ன சொல்றா?

— தெரியலக்கா. எதுக்கெடுத்தாலும் டப்பா போயிடும்னு ஒரு பயம். நீ அந்தக் கோட்டை என் மடியில போடு. பேசிக்கிட்டே இந்தப் புதுப் பொட்டலத்துலேருந்து பட்டனையாவது எடுத்து வைக்கறேன். சிப்பி பட்டன்தான் வேணும்னு அந்த மனுஷன் கண்டிஷனா சொல்லியிருக்கார். ம்... இது சரி. இதுவும் சரி. இது வேணாம். இது சரி.

— அது ஏன் வேணாம்?

— அது பிளாஸ்டிக். கடைக்காரன் கலந்து விட்டிருக்கான்.

— எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு? எப்படிக் கண்டுபிடிச்ச?

— பாத்தா தெரியும்க்கா. எத்தனை வருஷமா பாக்கறேன். கண்ணு பழகிடுச்சு.

— கண்ணா? இப்ப நீ என்ன பண்ணின?

— பட்டன் எடுத்தேன்.

— எடுத்து?

— எடுத்து வச்சேன்.

— நடுவுல! கன்னத்துல வச்சியே, அது என்ன?

— நானா? நான் எங்க வச்சேன்?

— வச்சடா! எடுத்த, வாயோரமா கன்னத்துல ஒரு தொடு தொட்ட, வேணாம்னு தள்ளின. ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் பண்ணின!

— சும்மா கதை விடாதக்கா.

— அப்பா எப்பவும் வைப்பாரு.

— என்னடா கண்ணு சொன்ன?

— அப்பா மட்டும் வைக்கலாம். நான் வச்சா டப்பா பரண்ல போயிடும். அத்தை கையில அடிச்சாங்க.

— அடிக்கலடி. தட்டித்தான்... இரு. நீ அன்னிக்கு வாயில போட வரலையா?

— இல்ல. கன்னம்.

— அடக் கடவுளே. டேய், நான் அவ சோதனையை நடுவுல பிடுங்கியிருக்கேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. பென்சிலைப் பிடுங்கிட்டு எழுதுன்னு சொன்ன மாதிரி.

— நான் மட்டும் யோக்கியமா? சுவரைப் பாத்து உக்காந்தா பிடிவாதம்னுட்டேன். நமக்குத் தெரியாம கன்னத்துல வைக்கத்தான் திரும்பி உக்காந்திருக்கா. அவளுக்கு மட்டும் சட்டம், நானே அதைத் தினம் மீறறேன்!

— சரி. நாளைக்கு நானே பெரிய டீச்சர் முன்னாடி போய் நிக்கறேன். அவளுக்குப் பிரிக்கத் தெரியும், நான்தான் கையைத் தட்டிவிட்டேன்னு சொல்றேன். என்னை என்ன வேணா சொல்லட்டும். தொட்டில் ரூம் கிடையாது, முடிஞ்சது.

— இதுதான் என் அக்கா!

— ஆடாத. அவங்க சும்மா விட மாட்டாங்க. முதல் கேள்வியே, "எந்தக் கணக்குல பிரிக்கறா?"ன்னு வரும். கன்னம்னு சொன்னா சிரிப்பாங்க. ரெண்டாவது கேள்வி, "கலர் தெரியுமா?" அதுக்கும் என் கையில பதில் இல்ல.

— முதல் கேள்விக்கு இப்பவே பதில் கண்டுபிடிக்கலாம். என்னை வச்சே பாரேன். நான்தானே மூலக் குற்றவாளி.

— அப்போ கையைப் பின்னாடி கட்டு. கண்ணால மட்டும் பாரு. இந்த ரெட்டைப் பிறவி வெள்ளை ரெண்டுல எது சிப்பி?

— இது என்ன பிரமாதம். அது... இடது பக்கம். இல்ல இரு. வெளிச்சத்துல காட்டு. வலது பக்கம்.

— முடிவா?

— முடிவா வலது.

— நீ புள்ளி வச்சது சிப்பிக் கூட்டத்துல வந்த வெள்ளையிலதானே, அடியில அந்தப் புள்ளி எங்க இருக்கு பாத்தியா? இடது பக்கத்துல. தப்பு!

— ஐயையோ. அக்கா, வெளியில சொல்லிடாத. தொழிலே போயிடும்.

— அப்பா தோத்துட்டாரு!

— சிரிக்காதடி. தம்பி, இப்ப இந்தத் துணியை உன் கண்ணுல கட்டறேன். கை ஃப்ரீ. ரெண்டையும் எடு.

— இது சிப்பி. இது இல்ல. கலக்கிக் குடு. இது இல்ல. இது சிப்பி. அக்கா! கண்ணைக் கட்டினா தெரியுது, திறந்தா தெரியலையே!

— கன்னத்துக்குத்தாண்டா தெரியுது. நீ இத்தனை வருஷமா பெருமையைக் கண்ணுக்குக் குடுத்திருக்க. சரி, இப்ப சொல்லு. கன்னத்துல வச்சதும் என்ன தெரியுது? வழவழன்னு இருக்கா? சொரசொரன்னா?

— ரெண்டுமே வழவழதான். வேற என்னமோ. வச்ச உடனே சட்டுனு வந்து போயிடுது. ரெண்டு மூணு தடவை வச்சுட்டா அப்புறம் வரமாட்டேங்குது, கன்னத்துச் சூட்டுல பட்டனும் பழகிடுது போல. இரு, இன்னொரு தடவை...

— இங்க குடு, நானும் வச்சுப் பாக்கறேன். ம். ஏதோ இருக்குடா. ஆனா நாளைக்கு "ஏதோ இருக்கு மேடம்"னு சொல்ல முடியாது. ஒரு வரியில வேணும்.

— அவளையே கேளேன்.

— சொல்ல மாட்டேன்னுதானே சொல்லிட்டு இருக்கா.

— நீ தெரிஞ்சதைக் கேட்டா சொல்ல மாட்டா. இப்ப நமக்கு நிஜமாவே தெரியாது. அதையும் சொல்லு.

— பட்டன்காரி, இங்க வா. அத்தை மடியில உக்காரு. எனக்குத் தெரியலடா. உங்க அப்பாவுக்கும் தெரியல. உனக்கு மட்டும்தான் தெரியும்.

— டப்பா?

— டப்பா இங்கயே இருக்கும். அப்பா சொல்றேன். கன்னத்துல வைக்கலாம், வாய்க்குள்ள கூடாது. அம்மா வந்ததும் அம்மாகிட்டயும் பேசறேன்.

— அத்தை அடிக்கக் கூடாது.

— அடிக்க மாட்டேன், தட்டவும் மாட்டேன். நாளைக்குப் பெரிய டீச்சர் கையையும் நான் பிடிச்சுக்கறேன். போதுமா?

— போதும்.

— அப்போ சொல்லு தங்கம். எப்படிப் பிரிக்கற?

— கன்னத்துல வச்சா ஜில்லுனு இருக்கறது நீலக் கப்புல. ஜில்லுனு இல்லாதது மஞ்சக் கப்புல.