பத்திரமாக இறங்கிவிட்டார்

— முடியாது ஜாஸ்மின். வீட்டு நம்பர் இல்லாம ஒரு பிள்ளையையும் ஆப்ல ஏத்த முடியாது. அந்த ஒண்ணைப் பார்த்துத்தான் மேனேஜர் சக்ரபாணி சார் நம்மளை மில்லு கேட்டுக்குள்ளயே விட்டாரு.

— ஏலே சதீஷு, நான் அதை எடுக்கவா சொன்னேன்? அதுக்குக் கீழ இன்னொரு கட்டம் போடுன்னுதான் சொல்றேன். அந்தப் பிள்ளையோட சொந்த நம்பர். இல்லைன்னா அவளுக்கு யாரு வேணுமோ அவுக நம்பர்.

— சொந்த நம்பரா? யாருகிட்ட போன் இருக்கு? மொத ஆப்பை அப்படித்தானே கட்டுனோம்? பிள்ளைகளே லாகின் பண்ணணும், பிள்ளைகளே பட்டனை அமுக்கணும்னு. சென்னையில இருந்த வேலையை விட்டுட்டு வந்து, இந்த ராஜபாளையத்து வெயில்ல, தகரக் கூரைக்குக் கீழ உக்காந்து கட்டுனேன். கடைசியில வேன் வேனா ஏறிக் கேட்டா, மில்லுக்குள்ள போன் விடமாட்டாக, வீட்டுக்கு ஒரு போன்தான், அது அப்பாகிட்ட இருக்கும்ங்காளுக. நம்ம ஆப்பை இறக்குனது யாரு? நீ, நான், எங்கம்மா.

— உங்கம்மாவும் மறுநாளே அழிச்சிட்டாவ.

— போன்ல இடம் பத்தலையாம். பூரா ஆஞ்சநேயர் படம்.

— ஆஞ்சநேயருக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலை பாரு.

— கிண்டல் பண்ணாத. அதான் ரெண்டாவது பிளானுக்கு வந்தோம்ல. இப்ப எம்புட்டு சிம்பிள்! டிரைவர் போன்ல ரெண்டு பட்டன். ஏறியாச்சு, இறங்கியாச்சு. அமுக்குன உடனே வீட்டுக்கு மெசேஜ்.

— எல்.கே.ஜி. பிள்ளையை ஸ்கூல் வேன்ல ஏத்துற மாதிரி. அவ நின்ன காலோட நூல் மிஷின் ஓட்டுறவ சதீஷு. வீட்டுல உலை கொதிக்கிறதே அவ சம்பளத்துல. அவ எங்க இறங்குறான்னு எதுக்கு ஊருக்குத் தண்டோரா?

— பாதுகாப்பு ஜாஸ்மின்.

— யாருகிட்ட இருந்து?

— ஆரம்பிச்சிட்டியா...

— அழகுத்தாய் கேட்டா. வன்னியம்பட்டிப் பிள்ளை. பேரு பதியும்போது, ‘அக்கா, வீட்டு நம்பர் வேண்டாக்கா, வேற நம்பர் தாரேன்’னா. தந்தா. நான் டைப்பும் பண்ணுனேன். நீ வந்து அழிச்சிட்டு, அவ அப்பா நம்பரை ஏத்துன.

— ஏன் வேற நம்பர்னு கேட்டேன். நீ சொல்லலை.

— சொல்ல முடியாது. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

— அப்பம் நானும் ரூல்ஸை மாத்த முடியாது. ஏட்டி, அவளுக்காகத்தானே மெசேஜ்ல இருந்து இடத்தையே தூக்குனேன்? ‘அழகுத்தாய் பத்திரமாக இறங்கிவிட்டார்.’ அம்புட்டுதான். எங்கன்னு வராது. உன் வாய்க்குப் பயந்து செஞ்சது.

— மெசேஜ்ல தூக்குன. இந்தக் கம்ப்யூட்டர்ல?

— இங்க இல்லாம எப்படி? டிரைவர் எங்க பட்டனை அமுக்குறாரோ அங்க ஒரு புள்ளி விழும். அதை நீயும் நானும்தானே பார்க்கோம்? இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ. நாளைக்குச் சக்ரபாணி சார் எல்லா வேனுக்கும் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டா, நீ கேக்குற கட்டம் எல்லாம் போடுவோம். அதுக்குள்ள ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் மில்லுக்குப் போனாலும் சோலி முடிஞ்சுது. நான் திரும்பவும் சென்னைக்குப் பெட்டியைத் தூக்கணும்.

— தூக்கு. நான் சோழபுரம் வேனைப் பார்த்துட்டு வாரேன். டிரைவர் போன்ல ஆப் அப்படியே நின்னு போச்சாம்.

— எதையாவது சரி பண்ணிட்டு வா. நாளைக்கு ஒரு வண்டியும் மக்கர் பண்ணக் கூடாது.

*

— வணக்கம் தம்பி. மில்லு வேனுக்கு ஆப்பு நடத்துற ஆபீஸ் இதுதானா?

— வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. அந்த வயரை மட்டும் மிதிச்சிராதீக. நீங்க...?

— தங்கச்சாமி. வன்னியம்பட்டி. எம்மவ அழகுத்தாய் உங்க வேன்லதான் மில்லுக்குப் போய் வாரா. இந்தாங்க, நம்ம மரத்துச் சப்பட்டை மாம்பழம். நாளைக்குத் திங்கலாம்.

— எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்! இந்த மாடிப்படி ஏறி வந்த மொத கஸ்டமர் நீங்கதான் தெரியுமா? சந்தோஷமா இருக்கு.

— நான் சந்தோஷமா வரலை தம்பி. உங்க ஆப்பு பொய் சொல்லுது.

— பொய்யா?

— செவ்வாக்கிழமை எங்க ஊர் விலக்குல, வேன் நிக்கிற இடத்துல, நானே நின்னேன். கையில போனு. எம்மவ பத்திரமா இறங்கிட்டான்னு மெசேஜ் வந்து விழுந்திருச்சு. வேன் அதுக்குப் பொறவுதான் வருது. எல்லாப் பிள்ளையளும் இறங்குதாளுவ. எம்மவளைக் காணோம். ஒரு மணி நேரம் கழிச்சு டவுன் பஸ்ல வந்து இறங்குதா. கேட்டா, மில்லுல நிப்பாட்டிட்டாவ, வேனை விட்டுட்டேன்ங்கா.

— சில நேரம் சர்வர் கொஞ்சம்...

— சர்வரோ கிர்வரோ, எனக்கு வெவரம் தெரியணும்ல? இறங்காத பிள்ளையை இறங்கிட்டான்னு சொன்னா அது என்ன பாதுகாப்பு? வயசுப் பிள்ளையைப் பெத்தவன் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கான். நேரா மில்லுக்குப் போயிருவோம்னுதான் கிளம்புனேன். ஊர்ல இன்னும் நாலு தகப்பன்மாரு கூட வாரேன்னாவ. சரி, சின்னப் பையன் பிழைப்பு, மொதல்ல அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்னு...

— மில்லுக்கு வேண்டாம் அண்ணாச்சி! நாளைக்குத்தான் எங்களுக்கு முக்கியமான நாள். ஆப்பு பொய் சொல்லாது. என்கிட்ட புள்ளி இருக்கு. ஆனா அதை வெளியாளுக்குக் காட்டக் கூடாது.

— நான் வெளியாளா தம்பி? உங்க மெசேஜ் என் போனுக்குத்தானே வருது?

— அதுவும் சரிதான். ஒண்ணு செய்வோம். உங்க போனுக்கு ஒரு நம்பர் அனுப்புறேன், வாசிங்க. வேற யாரும் வந்து கேட்டுறக் கூடாதுல்ல, அதுக்கு.

— வந்திருச்சு. ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்பது.

— கரெக்ட். அழகுத்தாய் கணக்குக்கு நீங்கதான் ஓனர். இப்பம் பாருங்க. இந்தச் செகப்புப் புள்ளி. செவ்வாக்கிழமை இங்க இறங்கியிருக்கா. வன்னியம்பட்டிக்கு முன்னாலயே, வில்லிபுத்தூர்ல.

— வில்லிபுத்தூர்ல எங்கன?

— திருமுக்குளத்துக்குக் கிழக்கால ஒரு சந்து.

— அங்க எங்களுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. மிஷினு தப்பாக் காட்டுது தம்பி. விடுங்க. நான் மில்லுலயே கேட்டுக்கிடுதேன்.

— உக்காருங்க அண்ணாச்சி! தப்பாக் காட்டாது. போன வெள்ளிக்கிழமை பாருங்க, அதே சந்து. அதுக்கு முந்தின செவ்வா, அதே சந்து. எம்புட்டு துல்லியமா விழுந்திருக்கு! உங்க போன்ல சத்தம் கேட்டுச்சே?

— மெசேஜ்தான். ‘அழகுத்தாய் பத்திரமாக இறங்கிவிட்டார்.’ இன்னைக்கும் வெள்ளிக்கிழமைதான், இல்லையா?

— அப்பம் இந்நேரம் இறங்கியிருக்கா. நான் சொன்னா நம்பமாட்டீக. டிரைவர் பால்பாண்டியண்ணனையே கேப்போம். ஸ்பீக்கர்ல போடுறேன். ஹலோ... அண்ணே, சதீஷ் பேசுறேன்.

— சொல்லுங்க தம்பி. வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்.

— அழகுத்தாயை எங்கண்ணே இறக்குனீங்க?

— மாவு மில்லு சந்துல. செவ்வாயும் வெள்ளியும் அங்கனதான இறங்கும்? பட்டனை அமுக்கிட்டேனே, வரலையா?

— வந்திருச்சு, வந்திருச்சு. அது யாரு வீடுண்ணே?

— எனக்கென்ன தெரியும்? பச்சைக் கதவு. ஒரு பொம்பளை கைப்பிள்ளையோட வாசல்ல நிக்கும். பிள்ளையை வாங்கிக் கொஞ்சிக்கிட்டே இது உள்ள போயிரும்.

— கைப்பிள்ளையா? ஆணா, பொண்ணான்னு கேளுங்க தம்பி.

— யாரு தம்பி அது பக்கத்துல?

— சும்மாதாண்ணே. பிள்ளை ஆணா, பொண்ணா?

— ஆம்பளப் பயதான். வைக்கேன், முன்னால பஸ் வருது.

— பார்த்தீகளா அண்ணாச்சி? ஆப்பு சரி, டிரைவர் சரி. யாரோ சினேகிதி வீடு போல. அதுக்குப் போய்த் திட்டிப்புடாதீக, பாவம். உங்களுக்கு ஒரே பொண்ணா?

— ரெண்டு. மூத்தவ இல்லை. காரியமெல்லாம் பண்ணி முடிச்சாச்சு. போட்டோவுக்கு மாலை போட்டாச்சு.

— ஐயோ... மன்னிச்சிருங்க. தெரியாமக் கேட்டுட்டேன்.

— நீங்க என்ன பண்ணுவீக தம்பி. உங்களுக்குத் தெரியுமா, என்ன? சரி, வாரேன். மவன் கீழ பைக்கை ஓடவிட்டுக்கிட்டே நிக்கான்.

— மில்லுல ஒண்ணும் சொல்லிற மாட்டீகளே?

— சே சே. சொன்னா நல்ல விதமாத்தான் சொல்லுவேன். உங்க ஆப்பு பொய் சொல்லலை.

— ஒரே ஒரு கேள்வி அண்ணாச்சி, எல்லாக் கஸ்டமர்கிட்டயும் கேக்கணும்னு வச்சிருக்கேன். ஆப்ல இன்னும் என்ன இருந்தா உங்களுக்கு உதவியா இருக்கும்?

— இனிமே ஒண்ணும் வேண்டாம் தம்பி. தேடுனது கிடைச்சிருச்சு.

*

— அந்தச் சோழபுரத்து டிரைவர் போன் பூரா அவரு பேத்தி ஆடுற வீடியோ. அதான் ஆப் மூச்சு முட்டி நிக்குது. அழிக்கவும் விடமாட்டேங்காரு. ஏலே, மாம்பழம் ஏது?

— கஸ்டமர் குடுத்தது! ஜாஸ்மின், இங்க வா, கேளு. கம்ப்ளெய்ன்ட் பண்ண வந்த மனுசன். மில்லுக்கே போயிருவேன்னாரு. ஆதாரத்தோட காட்டுனேன், கும்பிட்டுட்டுப் போறாரு. நாளைக்குச் சார்கிட்ட இதையே கதையாச் சொல்லப்போறேன்.

— யாரு?

— அழகுத்தாய் அப்பா. உனக்குத் தெரியுமா?

— என்ன ஆதாரம் காட்டுன?

— புள்ளியைத்தான். அவருதான் ஓனர். நம்பர் அனுப்பி, வாசிக்கச் சொல்லி, அப்புறம்தான்...

— எந்தப் புள்ளி? சதீஷு, வில்லிபுத்தூர்ப் புள்ளியா?

— ஆமா. டிரைவரும் சொன்னாரு, மாவு மில்லு சந்து, பச்சைக் கதவுன்னு. ஏன், அந்தப் பிள்ளைக்கு அங்க யாரும் பையன்...? திட்டமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.

— போயி எம்புட்டு நேரமாச்சு?

— அரை மணிக்கு மேல இருக்கும். மவன் பைக் கொண்டாந்திருந்தான்.

— மவனுமா? மாதாவே... அது பையன் வீடு இல்லைலே. அவ அக்கா வீடு. பாண்டிசெல்வி வீடு.

— அக்காவா? மூத்தவ இல்லைன்னாரே? காரியமெல்லாம் பண்ணிட்டேன்னாரு.

— பண்ணுனாரு. அவ உசிரோட இருக்கையில பண்ணுனாரு. வேற சாதியில கட்டிக்கிட்டுப் போயிட்டான்னு, ஊரைக் கூட்டி, மொட்டை போட்டு, அவ போட்டோவுக்கு மாலை போட்டு, வந்தவுகளுக்கெல்லாம் இலை போட்டுச் சோறும் போட்டாரு. அன்னையில இருந்து அப்பனும் மவனும் வத்திராயிருப்புல இருந்து மதுரை வரைக்கும் அவளைத் தேடாத இடமில்லை. இம்புட்டுப் பக்கத்துல தேடமாட்டாகன்னுதான் அவ வில்லிபுத்தூர்ல வீடு பிடிச்சா. புருசன் பஸ் கண்டக்டர். வெள்ளி, செவ்வா அவனுக்கு டூட்டி. அவ தனியா இருப்பான்னு தங்கச்சி துணைக்குப் போகும். பிள்ளையைக் கொஞ்சப் போகும்.

— எங்கிட்ட ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

— சொல்லாதன்னு என் ஜெபமாலை மேல கை வைக்கச் சொன்னாளே! காரணம் தெரியாட்டி, ஒருத்தி வேண்டாம்னு சொன்னதை ஏத்துக்கிட மாட்டியா நீ?

— அப்பம் அன்னைக்கு அவ தந்த அந்த வேற நம்பர்...

— பாண்டிசெல்வி நம்பர். நீ அழிச்ச நம்பர்.

— ஜாஸ்மின், என்ன செய்யணும்? சொல்லு.

— நான் போலீசுக்குப் போடுதேன். நீ பால்பாண்டியண்ணனைப் பிடி, வண்டியைத் திருப்பச் சொல்லு. ஹலோ... ஹலோ, சார், வில்லிபுத்தூர் மாவு மில்லு சந்து, ரெண்டு பொம்பளைப் பிள்ளையும் ஒரு கைக்குழந்தையும்... ஆமா சார், அப்பாதான் சார்... குடும்பச் சண்டை இல்லை சார், கேளுங்க...

— பால்பாண்டியண்ணன் எடுக்க மாட்டேங்காரு. அழகுத்தாய்க்கே போடுறேன். பின் வாசல் வழியா ஓடச் சொல்லிருவோம். இந்தா, பேரு வந்திருச்சு. ரிங் போகுது.

— ஏலே, எந்த நம்பருக்குலே போடுத?

— நம்ம ஆப்ல இருக்கிற நம்பருக்குத்தான்...

— சதீஷு, வை! அதை வை!

— ஹலோ? அழகுத்தாய்?

— தம்பியா? சொல்லுங்க தம்பி. ரெண்டு பேரும் எம்முன்னாலதான் இருக்காளுவ. எந்த மவகிட்ட குடுக்கட்டும்?