மாஸ்டரின் வலது கை

எனக்கு முடி சீக்கிரம் வளர்ந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்டாவிட்டால் காதுக்கு மேல் புதர் மண்டிவிடும். அதனால்தான் மாஸ்டரைப் பத்து வருடமாகத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே மூன்று நாற்காலி போட்ட சலூன் அவருடையது. எல்லோருக்கும் அவர் மாஸ்டர், எனக்கும்தான்.

அவருடைய வலது ஆள்காட்டி விரலில் இருந்த கட்டியை முதலில் கவனித்தவன் நான். முடி வெட்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். "எடுத்துடுங்க மாஸ்டர், பரிசோதனைய நானே பாக்கிறேன்" என்றேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவர்மேல் அக்கறை இல்லாமலில்லை.

என் வேலை உங்களுக்குப் பழக்கமிருக்காது. நோயாளியை நான் பார்ப்பதில்லை. அவரிடமிருந்து வெட்டிய சதை பாட்டிலில் வரும். அதில் ஒரு துண்டை எடுத்து எண் போட்ட சிறு டப்பியில் வைத்து, மெழுகில் உறையவைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுவேன். மற்ற டாக்டர்கள் சொல்வதை நோயாளி நம்புவார். நான் எழுதுவதை மற்ற டாக்டர்கள் நம்புவார்கள். எங்கள் மேஜையில் ஒரே ஒரு சட்டம். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில்தான் திறந்திருக்க வேண்டும். அதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியவனும் நான்தான்.

மாஸ்டரின் கட்டி பாட்டிலில் வந்த அன்று ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்குப் படமெடுக்க ஒருவர் வந்திருந்தார்.

"டேபிள் வெறிச்சுன்னு இருக்கு டாக்டர். இன்னொரு பாட்டிலையும் திறந்து வைங்க. கொஞ்சம் விஞ்ஞானி மாதிரி தெரியட்டும்."

விஞ்ஞானி மாதிரி தெரிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாஸ்டரின் பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொன்றைத் திறந்தேன். நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் விரல் கட்டி அது. இடுக்கியால் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தேன். "தாடைய நிமித்துங்க" என்றார், நிமிர்த்தினேன். தாடைக்குக் கீழே எந்தத் துண்டு எந்த டப்பிக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. படம் பிரமாதமாக வந்திருக்கிறது. வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

நான்காம் நாள், மாஸ்டரின் எண்ணுள்ள தகட்டில் அது இருந்தது. லட்சத்தில் ஒருவருக்கு வரும் புற்றுநோய். வலிக்காது. சாதாரணப் புண் போல வேஷம் போடும். நடுவில் செத்த திசு, அதைச் சுற்றி வேலி கட்டியது போலப் பருத்த செல்கள். பாதிப் பேர் வெறும் அழற்சி என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அது பாட்டுக்குத் தசைநார் வழியே கையில் ஏறி, அக்குளைத் தாண்டி, நுரையீரலில் குடியேறிவிடும். நான் ஏமாறவில்லை. கூட்டம் கூட்டி முக்கால் மணி நேரம் பேசினேன். தன்னைத் தவிர யாரையும் பாராட்டாத அறுவை டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். விரலை மட்டும் எடுத்தால் போதாதா என்று யாரோ கேட்டார்கள். போதாது என்று சொன்னவன் நான். பத்தே நாளில் மாஸ்டரின் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கை என் மேஜைக்கு வந்தது. நகத்தில் தலைச்சாயக் கறை. கட்டைவிரலில் கத்தரிக்கோல் காய்ப்பு. என் தலையை அத்தனை வருடம் திருப்பித் திருப்பி வைத்த விரல்கள். முப்பத்தாறு துண்டு போட்டுத் தேடினேன். ஒன்றுமில்லை. நல்ல கை.

படமெடுத்த நாளும் திறந்திருந்த இரண்டு பாட்டிலும் நினைவுக்கு வந்தன. விடுமுறை நாளில் தனியாக வந்து, நூலகப் பெண்ணின் பாட்டிலில் மிஞ்சியிருந்த சதையைச் சீவிப் பார்த்தேன். அந்த வேலி அங்கே இருந்தது. அவருக்கு 'நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பி மூன்று வாரமாகியிருந்தது.

ஒரு போன் செய்திருக்கலாமே என்பீர்கள். போனைக் கையில் எடுக்கத்தான் செய்தேன். ஆனால் அவருக்குச் சொன்னால் மாஸ்டருக்கும் சொல்லியாக வேண்டும். அவருக்கு யார் கையைத் திருப்பித் தருவது? சொல்லாவிட்டால் இரண்டு பேரும் நிம்மதியாக இருப்பார்கள். மிச்சச் சதையை எரிக்கும் கழிவில் போட்டேன். மாஸ்டரின் அறிக்கையில், முதலில் எடுத்த துண்டோடு நோய் முழுவதும் வந்துவிட்டது என்று எழுதினேன். மருத்துவத்தில் நடக்கக்கூடியதுதான். பிறகு அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினேன்.

ஏழு மாதம் கழித்து அந்தப் பெண் நேரிலேயே வந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். கட்டி திரும்ப வந்திருக்கு. மேலயும் ரெண்டு இருக்கு."

கையைத் தொட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரை மூன்று, கோத்த மணி போல, கல்லாக. என் விரல்கள் சில்லிட்டுப் போயின. அவர் கவனிக்கவில்லை, அவருடையவை முன்பே சில்லிட்டிருந்தன.

"நீர்க்கட்டி திரும்ப வரும்மா. எதையாவது படிச்சிட்டுப் பயந்துட்டீங்களா?"

"படிச்சேன். நான் லைப்ரரியிலதானே இருக்கேன். நீங்க எழுதின கட்டுரைதான் டாக்டர். அதுல சொல்லியிருக்கிற மாதிரியே இருக்கு. வலியே இல்ல. வீட்டுல சின்னப் பொண்ணு ஒருத்தி இருக்கா, அதான்..."

"அது லட்சத்துல ஒருத்தருக்கு வர்றதும்மா. நீங்களும் நானும் ஆசைப்பட்டாக் கிடைச்சிடுமா?"

அவர் சிரித்துவிட்டார். அந்த முகத்திலிருந்து எத்தனை பெரிய பாரம் இறங்கியது தெரியுமா? அந்தச் சிரிப்பைக் கொடுத்தது நான். பிறகு ஒன்பது மாதம் இருந்தார்.

மூச்சு முட்டியபோது வேறு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். கணவர் பழைய தகடுகளைக் கேட்டார். விசாரிக்க நீங்கள் வந்தீர்கள். வரவேற்பறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களாம். திறந்த இரண்டு பாட்டில்களின் எண்ணும் பளிச்சென்று தெரிகிறதாம். நல்ல கேமரா. ஆமாம், எல்லாம் தெரிந்தே சும்மா இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மாஸ்டருக்கு இது இன்னும் தெரியாது. ஆண்டு மலரிலிருந்து என் படத்தைக் கத்தரித்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், "என் உசிரு சாரு குடுத்தது" என்கிறார். ஒரு வருடத்துக்கு மேலாக இடது கையில் கத்தி பிடித்துப் பழகுகிறார். பலூனில் சோப்பு நுரை தடவி வழிப்பார். போன வாரம் நான் காத்திருந்தபோது இரண்டு வெடித்தன.

"நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வந்துடுங்க சார். முதல் சவரம் உங்களுக்குத்தான். வேற யார் கழுத்தையும் தொட மாட்டேன்" என்றார் நேற்று.

போகாவிட்டால் மனுஷன் நொந்துவிடுவார். அதனால் அவரிடம் சொல்வதை நாளைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். என் கழுத்துக்காகக் கேட்கவில்லை. எனக்கு எப்போதும் நோயாளியின் நிம்மதிதான் முக்கியம்.