முந்திச் சுட்ட பணியாரம்

இரவு ஒன்றரை மணி. பீளமேட்டிலிருந்து சரவணம்பட்டிக்குப் போகிற வண்டித்தடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து, கார்த்திகை மாதம். இரண்டு பக்கமும் சோளத்தட்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது... இல்லை, ஆனை உயரம். நான் சொன்னால் ஆனை உயரம்தான். அளந்து பார்க்க யாரும் இப்போது அங்கே போகப் போவதில்லை.

அந்தத் தடத்தில் ஒரு மாட்டுவண்டி பறக்கிறது. ஓட்டுவது பொங்கியண்ணன். மில்லில் பஞ்சு அறையில் வேலை. பின்னால் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு நர்ஸம்மா வெங்கடலட்சுமி. வீட்டில் அவன் மனைவி சுப்பாத்தாளுக்கு வலி கண்டுவிட்டது. ஏழாம் மாதம்தான்... தைப் பொங்கல் கழித்துப் பிறக்க வேண்டிய பிள்ளை.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு முப்பது வருஷம் ஒரே ஆபீசில் உட்கார்ந்திருந்த தம்பிதுரையின் சின்னம்மாதான் இந்தச் சுப்பாத்தாள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவர் உள்ளே தள்ளி வந்துவிடுங்கள். ஏன் என்று பிறகு தெரியும்.

பிள்ளை பிறந்தது. எவ்வளவு பெரியது? என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் படுக்க வைத்து மூடிவிடலாம். அழுகை வரவில்லை. 'க்ஞீ...' என்று பூனைக்குட்டிச் சத்தம். நர்ஸம்மா காதை மடித்துப் பார்த்தாள். மடித்தது மடித்தபடியே நின்றது. உள்ளங்காலை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அம்மணி, பாருங்க. பாதத்துல ஒரு கோடுகூட இல்லை. அந்தக் கோடெல்லாம் கடைசி ரெண்டு மாசத்துலதான் விழும். இவன் அதுக்கு முந்தி வந்துட்டான்."

"பொழச்சுக்குவானுங்களா?"

"சூடு ஆறாம வெச்சுக்குங்க. இன்னொண்ணு... இவன் வயசைப் பிறந்த நாள்ல இருந்து எண்ணாதீங்க. பிறக்க வேண்டிய நாள்ல இருந்து எண்ணுங்க. எல்லாம் ரெண்டு மாசம் தள்ளித்தான் செய்வான்."

பொங்கியண்ணன் மில்லிலிருந்து வெள்ளைப் பஞ்சு கொண்டுவந்தான். கூடையில் பஞ்சு, பஞ்சுக்குள் பிள்ளை ராசப்பன், இரண்டு பக்கமும் சுடுதண்ணீர்ப் புட்டி. சுப்பாத்தாள் தூங்கவே இல்லை. படுப்பாள், எழுவாள், மூக்கில் விரல் வைத்து மூச்சுப் பார்ப்பாள், கூடையைச் சுற்றி வருவாள். மறுபடி விரல்... இரண்டு மாதம் இப்படி. தை மாதம் ஒரு காலையில் உள்ளங்காலில் முதல் கோடு தெரிந்தது. ஊரைக் கூட்டிக் காட்டாத குறை. நர்ஸம்மா வெள்ளிக்கிழமைதோறும் வந்து பார்ப்பாள். முகத்துக்கு நேரே விளக்கை நகர்த்தினால் கண் கூடவே போகிறதா, கழுத்து நிற்கிறதா... எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் தள்ளி.

ஆனால் பொங்கியண்ணனின் அக்கா பழனாத்தாளுக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. சித்திரையில் வந்தவள் வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"ஏனம்மணி, அஞ்சு மாசமாச்சு, இன்னும் மல்லாக்கவே கெடக்குது? பஞ்சுக்குள்ள வெச்சுப் புள்ளைய வளக்கறயா, முட்டை பொரிக்கறயா?"

"நர்ஸம்மா ரெண்டு மாசம் கழிச்சு எண்ணச் சொல்லுச்சுங்க..."

"வயசை எங்காச்சும் கழிச்சு எண்ணுவாங்களா? எந்தம்பிக்கு வேற பொண்ணப் பாக்க வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதுதான் சுப்பாத்தாளைக் குத்தியது.

அந்த வளவில் ஒரே வாசலைச் சுற்றி ஆறு வீடு. அவர்களுக்குள் ஒரு வழக்கம். குழந்தை குப்புற விழுந்தால் பணியாரம், தவழ்ந்தால் அடை, வாசப்படி தாண்டினால் கொழுக்கட்டை. சுட்டு வீட்டுக்கு வீடு கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் 'வளரட்டும்' என்று சொல்லித் தின்ன வேண்டும். மறுநாள் சுப்பாத்தாள் கூடை நிறையப் பணியாரம் சுட்டாள்.

"எங்கண்ணு குப்புற உழுந்துபோட்டானுங்க!"

ஆறு வீடும் தின்றது. 'வளரட்டும்' என்றது. ராசப்பன் பஞ்சுக்குள் மல்லாந்து கிடந்தான்.

அன்று இரவு... சோளக்காட்டுக் கிணற்றடியில் ஒரு சத்தம்.

தொப்.

ஈரத் துணி விழுந்த மாதிரி. சின்னதாக. நாய்கள் குரைக்கவில்லை. வளவில் ஏழு நாய் இருந்தது... போன தடவை சொன்னபோது மூன்று என்றேன், அதற்குப் பிறகு குட்டி போட்டிருக்கிறது. ஏழும் வாலை இடுக்கிக்கொண்டு வண்டிக்கடியில் போய்ப் படுத்தன.

ஆனியில், நர்ஸம்மா சொன்ன கணக்குப்படி, ராசப்பன் தானாகவே குப்புற விழுந்தான். சுப்பாத்தாள் வாய்விட்டுச் சந்தோஷப்படவும் முடியவில்லை. அது ஊருக்குப் பழைய சேதி. ஆடியில் பழனாத்தாள் மறுபடி வந்தாள். மறுபடி பேச்சு. மறுபடி பொய். இந்தத் தடவை அடை.

அன்று இரவு சத்தம் கிணற்றடியில் இல்லை. களத்தில்... சரக். சரக். காய்ந்த சோளத்தட்டின் மேல் முழங்கால் இழுபடுகிற சத்தம். நின்று, மூச்சு வாங்கி, மறுபடி சரக்... நேரே வந்து கதவுக்கு வெளியே நின்றது. கதவிடுக்கில் ஒரு வாடை. ஈரப் பஞ்சும் பச்சைப் பாலும் கலந்த வாடை.

அதற்கப்புறம் ராத்திரிதோறும் அது வந்தது. வாசப்படி வரைக்கும். தாண்டவில்லை.

சுப்பாத்தாள் நர்ஸம்மாவிடம் அழுதாள்.

"பையன் செய்யாததைச் செஞ்சான்னு சொல்லிப்போட்டேனுங்க. இப்ப அதை வேற எதோ செய்யுதுங்க."

நர்ஸம்மா சத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ராசப்பனின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே, "இன்னும் ஒண்ணுதானே பாக்கி? கொழுக்கட்டை மட்டும் சுட்டுப்போடாதீங்க" என்றாள்.

சுப்பாத்தாள் அரிசி மாவை அடுக்குப்பானையில் போட்டு மூடினாள். வாசப்படிக்கு உள்ளேயும் வெளியேயும் தினம் சாம்பல் தூவினாள். புரட்டாசி வந்தது. பிறந்து பத்து மாதம். நர்ஸம்மா கணக்கில் எட்டு. ராசப்பன் முழங்கால் ஊன்றி முன்னும் பின்னும் ஆடுவான், நகர மாட்டான். இன்றோ நாளையோ என்று இருந்தது.

ஒரு சாயங்காலம் சுப்பாத்தாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினாள். எதிர் வீட்டுக்காரி எதையோ மென்றுகொண்டே சிரித்தாள். "படி தாண்டிட்டானாமே! வளரட்டும்!"

குடம் கீழே விழுந்தது. வீட்டுக்குள் பழனாத்தாள் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு என்ற சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்க. வளவே சிரிக்கறதுக்கு முந்தி நானே சுட்டுக் குடுத்துப்போட்டேன். ஏன் இப்படி முழிக்கற?"

அன்று இரவு சுப்பாத்தாள் பிள்ளையை மடியில் கட்டிப்போட்ட மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து மாதத்துத் தூக்கம் அன்றைக்குத்தானா வர வேண்டும்? கண் சொருகியது. விழித்தபோது மடி காலி. அகல் அணைந்திருந்தது. தரையில்... சரக். சரக்.

ராசப்பன் தவழ்கிறான்! முதல் தடவை! சந்தோஷம்தான் முதலில் வந்தது அவளுக்கு. பாவம். அடுத்த நொடி, கதவுக்கு வெளியேயும்... சரக். சரக்.

அந்த நேரம் பார்த்து ஷிப்டு முடிந்து வந்த பொங்கியண்ணன் கதவைத் தள்ளினான். காற்றில் அவன் கையிலிருந்த லாந்தரும் அணைந்தது.

"அட, எங்கண்ணு படிக்கே வந்துபோட்டானா!"

கும்மிருட்டில் குனிந்து, கைக்கு அகப்பட்ட பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் போட்டான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

விடிந்ததும் சாம்பலைப் பார்த்தாள். தவழ்ந்த தடம் இரண்டு. ஒன்று உள்ளே வந்திருந்தது. ஒன்று வெளியே போயிருந்தது.

பழனாத்தாளின் சம்பந்தி வீட்டார் முன்னால் ராசப்பன் ஜம்மென்று படி தாண்டிக் காட்டினான். வெள்ளிக்கிழமை நர்ஸம்மா வந்தாள். வழக்கம்போல உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனாள். பிறகு வரவே இல்லை.

இனி சொல்வதில் நான் எதையும் கூட்டவில்லை. முப்பது வருஷம் கழித்து, காந்திபுரத்தில் ராசப்பன் கட்டிய வீட்டுக்குத் தம்பிதுரையோடு போய் ஒரு ராத்திரி தங்கினேன். ராசப்பன் நல்ல மனிதர். கட்டிலில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். என் குறும்பு போகுமா? டார்ச்சு அடித்து உள்ளங்காலைப் பார்த்தேன். வெறுங்காலோடு காட்டில் நடந்து வளர்ந்த ஆள்... ஒரு வெடிப்பு இல்லை. ஒரு கோடு இல்லை. தேய்த்த தந்தம் மாதிரி.

பக்கத்து அறையில் விளக்கு எரிந்தது. சுப்பாத்தாள் ஒரு தட்டில் ஒற்றைக் கொழுக்கட்டையை வைத்து வாசப்படிக்கு வெளியே வைத்தார். கதவை ஒருக்களித்துவிட்டுப் போய்ப் படுத்தார். தினமும் அப்படித்தானாம். கொஞ்ச நேரத்தில் ராசப்பன் சத்தமில்லாமல் எழுந்து வந்து தாழ்ப்பாள் போட்டார். அதுவும் தினமுமாம்.

காலையில் நான்தான் முதலில் கதவைத் திறந்தேன். கொழுக்கட்டை தட்டிலேயே இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கடி... பல் பட்ட தடமே இல்லை. வெறும் ஈறு.