இர்மா சுமந்த டிரம்ஸ்

பங்குத்தந்தை ஸோல்டான் அவர்களே, இர்மாவின் தம்பி ஃபிராங்க் கோவாச் அவர்களே, நகரச் சாலைத் துறையிலிருந்து ஆரஞ்சு மேலங்கியோடு வந்து பின்வரிசையை நிறைத்திருக்கும் லாரி ஓட்டுநர்களே, முப்பத்தெட்டு ஆண்டுகளாக எங்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட கன்சால் தெருப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

என் பெயர் ஹாலிஸ் ப்ரூவிட். ‘சால்ட் ட்ரக்’ ராக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். டிரம்ஸ் வாசிப்பவனுக்குப் பேச வராது என்பார்கள். உண்மைதான். மேடையில் எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்து, முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். எத்தனையோ முதுகுகள் வந்தன, போயின. மாறாமல் இருந்தது ஒரே ஒரு முதுகு. அது எங்கள் குழுவை நிறுவியவர், பேஸ் கிதார் கலைஞர், பனிக்காலத்தில் சாலை வழுக்காமல் உப்பு தூவும் டொலிடோ நகரத்தின் பதினேழாம் எண் லாரி ஓட்டுநர், இர்மா கோவாச் அவர்களின் முதுகு! கடந்த செவ்வாய்க்கிழமை காலை அவர் நம்மை விட்டுப் போய்விட்டார். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

நண்பர்களே, அவர் எப்படிப்பட்ட பெண் தெரியுமா?

1985இல், இதே மாதாகோவில் மாடி மண்டபத்தில், நான்கு பேரோடு தொடங்கிய குழு இது. அப்பா ஓட்டிய உப்பு லாரியின் பெயரையே குழுவுக்கு வைத்தார் இர்மா. பின்னாளில் அதே லாரியை அவரும் ஓட்டினார். முப்பத்தெட்டு வருடத்தில் இந்தக் குழுவில் வாசித்தவர்கள் மொத்தம் பதிமூன்று பேர். கிதார் வாசித்தவர்கள் ஐந்து பேர். பாடியவர்கள் மூன்று பேர். ஒருவன் கல்யாணம் என்று போனான், ஒருவன் கடவுள் கூப்பிட்டார் என்று போனான், இன்னொருவன் காரணம் சொல்லாமலே போனான். வேறு எந்தக் குழுவாவது தாங்கியிருக்குமா? நாங்கள் தாங்கினோம். ஏன் தாங்கினோம்? இர்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார். அதனால்தான்.

அந்த வழக்கம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1986இல் முதல் கிதார்காரர் கென்னி டாட், மாமனாரின் தரைவிரிப்புக் கடைக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னார். அவர் இடத்துக்குப் புதியவர் வந்தார். புதியவரின் முதல் கச்சேரி அன்று இர்மா நேராகத் தரைவிரிப்புக் கடைக்குப் போய் நின்றாராம்.

“கென்னி, வெளியே வா. புதுப் பையனோட ஆம்ப்ளிஃபயரை நீதான் மேடைக்குத் தூக்கிட்டு வரணும்.”

“நான் எதுக்கு? நான்தான் விலகிட்டேனே!”

“விலகினதாலதான் நீ வரணும். சண்டை போட்டுட்டுப் போ, அழுதுட்டுப் போ, எப்படி வேணா போ. ஆனா கையை வீசிக்கிட்டுப் போகாத. உன் இடத்துக்கு வர்றவனை நீயே கொண்டுவந்து உக்கார வச்சுட்டுப் போ.”

கென்னி வந்தார், தூக்கினார். அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து இதுதான் எங்கள் சட்டம். போகிறவர், வருகிறவரின் பெட்டியைச் சுமந்து மேடை ஏற்ற வேண்டும். ஊர் பார்க்கச் சுமக்க வேண்டும்.

எங்களுக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. 1993இல் எங்கள் பாட்டு ஒன்று நாடு முழுக்க வானொலியில் ஓடியது. நாங்கள் வாசிப்பதற்கு அப்போது ‘ஆல்டர்னேட்டிவ் ராக்’ என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பு வரை அதை எல்லோரும் இரைச்சல் என்றுதான் சொன்னார்கள். பெரிய இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து ஒரு மனிதர் பளபளவென்று பூட்ஸ் போட்டுக்கொண்டு எங்கள் ஒத்திகை அறைக்கு வந்தார். ஜனவரியில் நாற்பது ஊர்களில் கச்சேரி, அரங்கம் நிரம்பி வழியும் என்றார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். இர்மா மட்டும் கிதாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டே கேட்டார்.

“ஜனவரியா? அப்ப ரோட்டுக்கு உப்பு யாரு போடுவா?”

அந்த மனிதர் சிரித்தார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்.

“நான் நிஜமாத்தான் கேக்குறேன். நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் எனக்கு வண்டி இருக்கு. மே மாசம் கூப்பிடுங்க, நாப்பது இல்ல, எண்பது ஊருக்கு வர்றேன்.”

மே மாதம் யாரும் கூப்பிடவில்லை. எங்கள் பாடகர் லைல் பார்டன் கோபித்துக்கொண்டு தனியாகப் பாடப் போனார். லைல், தலையைக் குனியாதே! நீ வந்திருக்கிறாய், அதுவே பெரிது. லைல் போனதோடு கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. நானும் அதையேதான் சொன்னேன். ஆனால் புதிய பாடகியின் முதல் கச்சேரிக்கு லைல் வந்தார். பாடுகிறவருக்கு ஆம்ப்ளிஃபயர் ஏது? அதனால் மைக் தாங்கியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். கூட்டம் அவரைத் திட்டித் தீர்த்தது. இர்மா மைக்கைப் பிடுங்கினார்.

“சும்மா இருங்க! பாடகன் வாழ்க்கையிலயே இன்னிக்குத்தான் ஒரு பொருளைத் தூக்குறான். கை தட்டுங்க!”

கூட்டம் கை தட்டியது. லைல் அழுதுவிட்டார். விட்டுப் போனவனுக்கும் கைதட்டல் வாங்கிக் கொடுத்து வழியனுப்பினாரே, அந்த மனம் யாருக்கு வரும்?

இனி என் கதைக்கு வருகிறேன். பெரியோர்களே, பதிமூன்று பேரில் இந்த வழக்கத்தை மீறியவன் ஒருவன் உண்டு. அவன்தான் இப்போது உங்கள் முன்னால் நிற்கிறான்.

1997. நிறுவனம் எங்களைக் கைவிட்டுவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய குழு என்னைக் கூப்பிட்டது. நான் நேரில் கூடச் சொல்லவில்லை, தொலைபேசியில் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். என் இடத்துக்கு ஸ்காட் மெர்க்கிள் என்பவரைப் பிடித்தார்கள். அவருடைய முதல் கச்சேரி டெட்ராய்ட்டில், ஒரு மாடி அரங்கில். இருபத்தெட்டுப் படிகள். நான் போகவில்லை. வெட்கமாக இருந்தது, அதனால் தொலைபேசியையும் எடுக்கவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் பதினான்கு மாதத்தில் என்னைத் துப்பிவிட்டது. 1999இல் ஊர் திரும்பினேன். அப்போது ஸ்காட்டுக்கு மருத்துவமனையில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. இர்மா என்னைக் கூப்பிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு சொல் குத்தவில்லை. “வியாழக்கிழமை ஒத்திகை, நேரத்துக்கு வா” என்றார், அவ்வளவுதான். நான் திரும்பி வந்து வாசித்த முதல் கச்சேரி அன்று ஸ்காட் என் டிரம்ஸைச் சுமந்து வந்து இறக்கிவைத்தார். வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“முதுகு இப்ப எப்படி இருக்கு?”

“என் முதுகுக்கு என்ன?”

“அன்னிக்கு டெட்ராய்ட்ல முதுகு வலியோட என் டிரம்ஸ் எல்லாத்தையும் வாசல் வரைக்கும் கொண்டுவந்து வச்சுட்டுப் போனீங்களாமே. படி ஏற முடியலன்னு இர்மா சொன்னாங்க. மிச்சத்தை அவங்களே தூக்கிட்டு வந்தாங்க. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரெண்டு வருஷமா நெனச்சுக்கிட்டே இருக்கேன்.”

ஐந்து டிரம்கள், அவற்றின் இரும்புக் கால்கள், தாளத்தட்டுகள்! இருபத்தெட்டுப் படிகள்! நான்கு முறை ஏறி இறங்கியிருக்கிறார், தனியாக! யாரையும் உதவிக்கு வர விடவில்லை. ஏன்? ஹாலிஸ் வரவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. விட்டுப் போனவனின் மானத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார் அந்த மகராசி! ஓடிப்போய் அவரிடம் கேட்டேன்.

“ஏன் இர்மா பொய் சொன்ன? எனக்கு எப்ப முதுகு வலி வந்துச்சு?”

அவர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

“வலிச்சிருக்கணும்டா உனக்கு. அதான் வலிக்குதுன்னு சொன்னேன்.”

அதற்குப் பிறகு இருபத்துநான்கு ஆண்டுகள் அவரோடு வாசித்தேன். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. கூடம் நிறைந்திருந்தாலும் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒரே மாதிரி வாசித்தார். பனிப்புயல் அடிக்கும் விடியலில் இந்த ஊர் பள்ளிக்கும் வேலைக்கும் வழுக்காமல் போய்ச் சேர உப்பு போட்டார். இரண்டையும் அவர் ஒரே வேலையாகத்தான் நினைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐயா, எனக்கு அவரைப் பார்த்து அப்போதும் பிரமிப்பு, இப்போதும் பிரமிப்பு!

இந்தக் கூட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் முன்பு மருத்துவமனையில் இர்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

“என் இடத்துக்கு ஆள் பாத்துட்டேன். வெர்னிஸ் ஓக்லி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுறா, ஞாயித்துக்கிழமை அவங்க சர்ச்சுல பேஸ் வாசிக்கிறா. போய்க் கேட்டேன். என்னைவிட நல்லா வாசிக்கிறா, தெரியுமா? அவ பெட்டியை என்னால தூக்க முடியாது. நீ தூக்கு.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“முடியாது இர்மா. நீ இல்லன்னா சால்ட் ட்ரக் இல்ல. உன் இடத்துல இன்னொருத்தி நிக்கிறதைப் பாத்துக்கிட்டு என்னால வாசிக்க முடியாது. உன்னோட முடிஞ்சுது, அவ்வளவுதான்.”

அன்பினால்தான் சொன்னேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இர்மா கோபப்படவில்லை. கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏன்டா ஹாலிஸ், முதுகு வலிக்குதா?”

இருபத்துநான்கு வருடம் பேசாமல் வைத்திருந்த பேச்சு! தாதி வந்தார், எழுந்து வந்துவிட்டேன். அடுத்த முறை போனபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான், நண்பர்களே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே அவரை அனுப்பிவைத்துவிட்டேன்.

செவ்வாயிலிருந்து அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை. நேற்று வெர்னிஸ் ஓக்லி அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் சட்டென்று சொன்னார்.

“நீங்க வேண்டாம்னு சொன்னது எனக்குத் தெரியும், மிஸ்டர் ப்ரூவிட். இர்மாவே சொல்லிட்டாங்க. வேண்டாம்னு சொன்ன எடத்துக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வர்ற ஆள் நான் இல்ல.”

“நீங்க தூக்க வேண்டாம்மா. வண்டியில வச்சுக் கொண்டுவாங்க, அது போதும். தூக்க வேண்டியவன் நான்.”

பிறகு கேட்டார்: “அந்த மண்டபத்துக்கு எத்தனை படி?”

“பத்தொன்பது.”

“என் பெட்டி ரொம்ப கனம். பாத்துக்கங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதோ வாசலோரம் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் வெர்னிஸ் ஓக்லி. உள்ளே வாருங்கள் அம்மா. இது உங்கள் இடம். இந்த மேடையில், இர்மா முதல் கச்சேரி வாசித்த இதே மேடையில், இன்று மூன்று பாட்டு வாசிக்கப் போகிறோம். வருகிற மே மாதம் ஊர் ஊராகப் போகப் போகிறோம். நவம்பரில் போக மாட்டோம், அதிலும் மாற்றமில்லை. சால்ட் ட்ரக் நிற்காது. நாளைக்கு நான் போனாலும், என் இடத்துக்கு வருகிறவரின் டிரம்ஸை நானே சுமந்து வைத்துவிட்டுத்தான் போவேன். இங்கே இருக்கும் உங்கள் அனைவர் முன்னாலும் இதை இர்மா கோவாச் அவர்களுக்கு வாக்காகக் கொடுக்கிறேன்.

பேச்சு போதும். ஃபிராங்க், உங்கள் வீட்டு பாப்ரிகாஷ் கோழிக் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது, தெரியும். இன்னும் ஐந்து நிமிடம். பெட்டி கீழே வண்டியில் இருக்கிறது. ஸ்காட், எழுந்திருக்காதே. லைல், நீயும் உட்கார். ஓட்டுநர் தோழர்களே, யாரும் கை கொடுக்கக் கூடாது. பத்தொன்பது படிதான். அவர் எனக்காக இருபத்தெட்டு ஏறினார், அதுவும் நான்கு முறை.

எனக்கு அறுபது வயதாகிறது. போன வருடத்திலிருந்து நிஜமாகவே முதுகு வலி. மாத்திரை சாப்பிடுகிறேன்.

இர்மா, வலிக்குது. ஆனா தூக்குறேன்.

ஃபிராங்க், அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொள்ளுங்கள்.