அத்தை சொன்னதும் அவரு சொன்னதும்

உங்க பொண்ணு உள்ள போயிருச்சாக்கா? தர்ஷினியா பேரு? பச்சை சுடிதாரு? பாத்தேன், பாத்தேன். பேனாவ வாயில கடிச்சுக்கிட்டே போச்சு.

நானா? நான் யாரையும் கொண்டாந்து விட வரலக்கா, நானேதான் எழுத வந்திருக்கேன். சிரிக்காதீங்க. பன்னெண்டாவது இங்கிலீஷு. அஞ்சு வருசத்துக்கு முந்தி முப்பத்திரண்டு மார்க்கு. மத்த அஞ்சுலயும் பாசு, இதுல மூணு மார்க்குல போச்சு. அந்த மூணு மார்க்கத் தேடிப் போறதுக்குள்ள கல்யாணம், வயலு, இந்தா இவ. எங்க ஊரு அங்கன்வாடி டீச்சரு ரிட்டயராகுறாங்க. அந்த எடத்துக்கு மனு போடணும்னா பன்னெண்டாவது பாசாயிருக்கணுமாம். இதை விட்டா அடுத்த பரிச்சை மார்ச்சுலதான். அதுக்குள்ள வேற யாராவது வந்து அந்த நாற்காலியில ஒக்காந்துருவாங்க. அதான் இன்னிக்கு எழுதியே ஆகணும்.

அவ அப்படித்தாங்க்கா, வளையலக் கண்டா விடமாட்டா. ஏய் எழில்மொழி, கைய எடுடி. பெரியம்மாவுக்கு வலிக்கும்ல? இவளக் கொஞ்சம் மடியில வச்சிருங்க, ஹால் டிக்கெட்டு எந்தப் பையில இருக்குன்னு பாத்துக்கறேன்.

நான் உள்ள போயிட்டா இவள யாரு பாத்துக்குவாங்கன்னா கேக்குறீங்க? சொல்றேங்க்கா, அதுக்குத்தான் வர்றேன். அதுக்கு முன்ன ஒரு தரம் நான் சொல்றத காதுல வாங்கிக்கங்க, வாய்விட்டுச் சொன்னாத்தான் எனக்கு மனசுல நிக்கும்.

மொதல்ல பார்ட்டிசிப்பிளு. புத்தகத்துல பாத்தா பயமுறுத்துது. நாத்துப் பறிக்கையில யோசிச்சேன், நம்ம பேசறதே பூராவும் அதுதானேக்கா. எந்திரிச்சு, வாசத் தெளிச்சு, சோறாக்கி, இவளுக்கு ஊட்டி, வயலுக்கு ஓடி, நாத்தப் பறிச்சு, கத்தை கத்தையா முடி கட்டி, கரையில வீசி... கடைசில ஒரே ஒரு வினைமுற்று வரும், படுத்தேன். வேக்கிங், குக்கிங், ஃபீடிங், ரன்னிங், சுடர்விழி ஸ்லெப்ட். கூட பறிச்சவங்க, இவளுக்கு வெயிலு மண்டையில ஏறிடுச்சுன்னு மோரு வாங்கிக் குடுத்தாங்க.

இன்ஃபினிட்டிவ் அதவிட சுலபம். முன்னாடி ஒரு டூ போட்டாப் போதும். டூ வாஷ், டூ ஸ்வீப், டூ குக். யாரு செய்யணும்னே அதுல இருக்காது, வேலை மட்டும் அம்போன்னு நிக்கும். எங்க வீட்ல அந்த யாருங்கறது எப்பவும் நான்தான், அதனால கொழப்பமே இல்ல.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சா? அதுக்கு நான் புத்தகத்தையே தொறக்கலக்கா. எங்க வீட்டுக்காரரு அன்பரசனும் அவங்கம்மாவும் பேசி இன்னியோட இருபத்தெட்டு நாளு. எல்லாம் வாத்தால வந்த வினை. அத்தையோட வாத்து ஆறும் நாத்தங்கால்ல எறங்கி, மொளச்சு வந்தத பூராவும் மிதிச்சு ஒழப்பிடுச்சு. இவரு ஆத்திரத்துல தென்னமட்டைய எடுத்து வீசுனாரு, ஒரு வாத்துக்குக் கால் போச்சு. அன்னியோட முடிஞ்சுது. ஒரே வீடு, ஒரே சோத்துப் பானை, நடுவுல நான். அத்தை அடுப்படியில நின்னுக்கிட்டு, ஏ சுடர்விழி, தொரைக்கு இன்னும் ரெண்டு இட்லி வேணுமான்னு கேளும்பாங்க. இவரு நாலடி தள்ளி ஒக்காந்துக்கிட்டு, போதும்னு சொல்லு உங்க அத்தைகிட்டம்பாரு. காதுல விழுந்தாலும் நான் போய்ச் சொன்னாத்தான் விழுந்ததா அர்த்தம்.

இங்கிலீஷுல ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்லும்போது இன்னிக்குங்கறது அன்னிக்குன்னு ஆகணும், இங்கங்கறது அங்கன்னு ஆகணும். நான் சொந்தமா இன்னொண்ணும் மாத்துவேன். அவன் வாய்ல வசம்பு வச்சுத் தேய்க்கன்னு அத்தை சொன்னாங்கன்னா, இந்தப் பக்கம் வரும்போது, தொண்டையப் பாத்துக்கச் சொன்னாங்கன்னு ஆயிரும். இல்லாட்டி வீடு நிக்குமாக்கா?

நேத்து மட்டும்தான் ஒண்ணையும் மாத்தல. பரிச்சை பயம். உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன். காலையில இவரு சொன்னாரு, நாளைக்கு வயல்ல சேறடிக்கிறதத் தள்ளிப் போட்டுடறேன், பாப்பாவ நான் பாத்துக்கறேன், உங்க அத்தைகிட்ட சொல்லிரு. அத்தைகிட்ட சொன்னேன். அத்தையும் சாயங்காலம் சொன்னாங்க, நாளைக்கு நான் நடவுக்குப் போவல, பிள்ளைய நானே பாத்துக்கறேன், அவன்கிட்ட சொல்லிரு. இவருகிட்ட சொன்னேன். பாருங்க, எவ்வளவு பாசம் ரெண்டு பேருக்கும்.

என்ன ஆச்சா? விடிகாலையில எந்திரிச்சு, அதான் மகன் இருக்கானேன்னு அத்தை நடவுக்குப் போயிட்டாங்க. அதான் அம்மா இருக்காங்களேன்னு இவரு டிராக்டரக் கூட்டிக்கிட்டு வயலுக்குப் போயிட்டாரு. நான் குளிச்சு, தலைய வாரி, பேனா ரெண்டு எடுத்துக்கிட்டு வந்து பாக்கறேன், வீட்ல தூளி மட்டும் ஆடுது. உள்ள இவ படுத்துக்கிட்டு காலத் தூக்கிச் சிரிக்கிறா.

போன் பண்ணாம இருப்பனாக்கா? அத்தைக்குப் போட்டா அவங்க போனு அடுப்படி அலமாரியில அடிக்குது. இவருக்குப் போட்டா டிராக்டர் சத்தத்துல எங்க கேக்கும்? எட்டு முறை அடிச்சேன். பஸ்ஸு வாய்க்கா பாலத்துக்கிட்ட ஹாரன் அடிக்குது. அத விட்டா அடுத்த வண்டியில தஞ்சாவூரு வரும்போது பரிச்சையே பாதி முடிஞ்சிருக்கும். தூக்கி இடுப்புல வச்சேன், ஏறிட்டேன். ஏறி ஒக்காந்தப்பறம்தான், உள்ள பிள்ளையோட விடமாட்டாங்களேன்னு நெனப்பே வருது.

மணி அடிச்சுட்டாங்கக்கா. வாட்ச்மேனு கேட்டச் சாத்தப் போறாரு.

நீங்க பொண்ணு வர்ற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன்னு டீக்கடைக்காரருகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தீங்கல்ல? அதக் கேட்டுட்டுத்தான்க்கா நேரா உங்க பக்கத்துல வந்து ஒக்காந்தேன். இந்த மரத்தடியில பத்துப் பேரு இருந்தாங்க. உங்க மொகத்தப் பாத்துத்தான் இவள உங்க கையில குடுத்தேன். உங்க பொண்ணும் நானும் ஒரே ஹாலு, நாலாம் நம்பரு, போர்டுல பாத்துட்டேன். நான் அங்க உங்க புள்ளையப் பாத்துக்கறேன், நீங்க இங்க என் புள்ளைய வச்சுக்கங்க. ஒண்ணேகால் மணி வரைக்கும்தான்.

அழமாட்டாக்கா. அழுதா இந்தப் பையில கேவுருக் கூழு இருக்கு, டப்பாவுல. துணி ரெண்டு இருக்கு. இது என் போனு, உள்ள கொண்டு போகக் கூடாதாம். வயல்லேந்து கரையேறுனதும் கட்டாயம் போன் வரும், அவராயிருந்தாலும் சரி, அத்தையா இருந்தாலும் சரி. தனித்தனியா வந்தா பிள்ளையக் குடுக்காதீங்கக்கா. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு, ஒரே வண்டியில வந்து வாங்கிக்கச் சொல்லிருங்க.