முயற்சி போதாதுன்னு ஒரு முத்திரை

அட, முத்திரையில என்ன எழுத்து வெட்டணும்ங்கிற சீட்டு பையிலதான் இருக்கு தம்பி, எங்க ஓடிடப் போகுது. தர்றேன். முதல்ல இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துக்கறேன். அந்தப் பள்ளிக்கூடத்துல மூணு மாடியையும் நாந்தான் கூட்டித் தள்ளணும், முழங்கால் என்னைத் திட்டாத நாளே கிடையாது. நீங்க பாட்டுக்கு ரப்பரை வெட்டிக்கிட்டே இருங்க. எனக்கு வாய்தானே வேலை.

ஆமா, பழைய முத்திரை காணாமப் போச்சு. எட்டாம் வகுப்பு டீச்சர்கிட்ட மொத்தம் மூணு இருந்துச்சு. மிக நன்று, நன்று, முயற்சி போதாது. மூணும் நீங்க செஞ்சதுதானாமே, கைப்பிடியில உங்க கடைப் பேரு ஒட்டியிருக்கு. நல்ல வேலை, குறை சொல்லக் கூடாது. ரேங்க் கார்டு வந்தா டீச்சர் டக்கு டக்குன்னு அடிச்சுத் தள்ளிடுவாங்க. அறுபது பிள்ளை, காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். அதுல மூணாவதுதான் ரொம்ப உழைச்சது. கைப்பிடியே வழுவழுன்னு ஆயிடுச்சுன்னா பார்த்துக்குங்க.

இந்தத் தடவை மேசையைத் திறந்தா, மூணாவதைக் காணோம். டிராயரைக் கவுத்துப் போட்டுத் தேடினாங்க. என்னையும் கேட்டாங்க. நான் தேமேன்னு நின்னேன்.

அப்புறம் என்ன, கையாலதான் எழுதணும். எழுதுறதுதான் எழுதுறோம், எல்லா கார்டுக்கும் எழுதிடலாம்னு உக்காந்துட்டாங்க. மணிக்கட்டு வலிக்குதுன்னு ஒரே புலம்பல். வலிகூடப் பரவாயில்ல, என்ன எழுதுறதுன்னுதான் தெரியல. முத்திரைன்னா யோசிக்கவே வேணாம். கையால எழுதணும்னா பிள்ளை மூஞ்சி ஞாபகம் வரணுமில்ல? என்னைக் கூப்பிட்டு, ஆயாம்மா, இந்தப் பையன் எப்படின்னு கேக்குறாங்க. சொன்னேன். இவன் தினமும் கடைசியாத்தான் கிளம்புவான், ஃபேனை நிறுத்திட்டுப் போவான். இவ யாரு சண்டை போட்டாலும் விலக்கி விடுவா, மூட்டி விடுறதும் அவதான். ரெண்டையும் எழுதிட்டாங்க தம்பி. அந்தம்மாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அப்படியே எழுதிக்கிட்டு வரும்போது ஒரு பொண்ணு கார்டு வந்துச்சு. கணக்குல இருபத்தேழு. பெயில்தான், இல்லேங்கல. பேனாவை வெச்சிட்டு முன்னாடி பக்கத்தைப் பார்த்தாங்க. முதல் பரீட்சையில பதினொண்ணு. அடுத்ததுல பத்தொன்பது. ரெண்டுக்கும் அதே முத்திரை. பதினொண்ணுலேருந்து இருபத்தேழுக்கு வந்தவ இதுக்கு மேல என்ன முயற்சி பண்ணணும் ஆயாம்மான்னாங்க. என்னைக் கேட்டா? முத்திரையைக் கேளுங்கன்னுட்டேன்.

தர்றேன் தம்பி, சீட்டு பறந்தா போயிடும்.

அந்தப் பொண்ணு கதையைக் கேளுங்க. போன மாசம் ரோட்டுல துளை போட்டுக்கிட்டிருந்தாங்க, காதுல ஒண்ணும் விழாது. அவங்க வகுப்புக் கதவு தாழ்ப்பாள் வெளிப்பக்கம் விழுந்து சிக்கிக்கிச்சு. கரண்டும் இல்ல. உள்ள அறுபது பிள்ளைங்க, ஒரு பையன் மயங்கி வேற விழுந்துட்டான். நான் வெளிய கூட்டிக்கிட்டிருக்கேன். டீச்சர் ஜன்னல் கண்ணாடியைத் தட்டி, சாக்பீஸால என்னமோ எழுதுறாங்க. உள்ளேருந்து எழுதினா வெளிய நிக்கிறவளுக்குத் திருப்பித்தானே தெரியும்? கோழி கிளறின மாதிரி இருக்கு. ஏதோ விளையாட்டுன்னு நெனச்சு நானும் சிரிச்சுக்கிட்டே கையாட்டினேன்.

அப்பதான் இந்தப் பொண்ணு சாக்பீஸை வாங்கினா. வலது பக்கத்துலேருந்து ஆரம்பிச்சு கடகடன்னு எழுதுறா. ஆயாம்மா, தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு, தொறங்கன்னு எனக்கு நேரா தெரியுது, அச்சடிச்ச மாதிரி. நானே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எனக்கே ஒரு பார்வையில புரிஞ்சுது. அப்புறமா, இதை எங்கடி கத்துக்கிட்டேன்னு கேட்டேன். எங்கப்பா எல்லா எழுத்தையும் இப்படித்தான் வெட்டுவாரு, பார்த்துப் பார்த்து வந்துடுச்சுன்னா.

என்ன தம்பி, கத்தி நின்னுடுச்சு? பார்த்து, கையில போட்டுக்கப் போறீங்க.

இல்ல, அவ ஒண்ணும் சொல்லி அனுப்பல. பரீட்சைக்கு முந்தின நாள் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி உக்காந்து அழுதுக்கிட்டிருந்தா. இன்னொரு தடவை அந்த முத்திரை விழுந்தா படிப்பை நிறுத்தி, சித்தப்பாவோட பை தைக்கிற கம்பெனிக்கு அனுப்பிடுவேன்னு அப்பா சொன்னாராம். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்துச்சு. கோபம் யாரு மேலன்னு சொல்ல மாட்டேன். கடைக்காரர் ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு கடைக்காரரையே திட்டுறது மரியாதையா?

கார்டு குடுத்து மூணு நாளாச்சு. வீட்டுக்குக் கொண்டு போகப் பயந்து, நான் விளக்குமாறு வெக்கிற ரூம்ல ஒளிச்சு வெச்சிட்டா. டீச்சர் என்ன எழுதியிருக்காங்கன்னுகூடப் பிரிச்சுப் பார்க்கல. எப்பவும் எழுதியிருக்கிறதுதானேங்கிறா.

சீட்டு சீட்டுன்னு கேட்டீங்களே, இந்தாங்க. முத்திரை செய்யச் சொல்லி என்னை யாரும் அனுப்பல. அவ கார்டுதான் இது. மார்க்கை அப்புறம் பார்க்கலாம், கடைசி வரியைப் படிங்க. கண்ணாடி எங்கயா, நெத்தியிலதான் இருக்கு. சரி விடுங்க, நானே சொல்றேன், எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு பரீட்சையிலும் ஏறிக்கொண்டே வருகிறாள். நான்தான் பார்க்கவில்லை. அறுபது பேர் அடைபட்டபோது வழி கண்டவள் இவள். முயற்சி போதாதது என் பக்கம்.

அழாதீங்க தம்பி, மை கலைஞ்சிடும். அந்தம்மா மணிக்கட்டு வலிக்க எழுதினது.

கையெழுத்து அந்தக் கோட்டு மேல. பழக்க தோஷத்துல திருப்பிப் போட்டுடாதீங்க. சாயங்காலம் அவ வந்ததும் நீங்களே அவ கையில குடுத்துடுங்க, அவளும் படிக்கட்டும். நான் வந்தது தெரிய வேணாம்.

அப்புறம், இதையும் வெச்சுக்குங்க. ஆமா, அதேதான், தொலைஞ்ச முத்திரை. பத்து நாளா என் சாப்பாட்டு டப்பாவுல கிடக்கு, எதைத் தின்னாலும் மை வாசனை. கைப்பிடி இன்னும் நல்லாத்தான் இருக்கு. அடியில இருக்கிற எழுத்தை மட்டும் எடுத்துடுங்க, கத்தி உங்க கையிலதானே இருக்கு.